எவரெஸ்டின் உயரம்: எந்தக் கடலிலிருந்து 8848.86 மீட்டர்?

எவரெஸ்ட் 8848.86 மீட்டர் உயரம். 2020 டிசம்பர் 8 அன்று நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்த எண் இது. அதற்கு முன் நம் பாடப்புத்தகங்களில் 8848 இருந்தது. சீனா 2005இலிருந்து 8844.43 என்று சொல்லிவந்தது. நேஷனல் ஜியோகிராஃபிக் சொசைட்டி 1999இல் 8850 என்றது. தாத்தா காலத்துப் பூகோளப் புத்தகத்தைப் புரட்டினால் 29,002 அடி, அதாவது ஏறக்குறைய 8840 மீட்டர். மலை ஒன்றுதான். எண் மட்டும் ஏன் இப்படி மாறிக்கொண்டே வருகிறது?

மேலே ஏறுவதுதான் பெரும்பாடு, ஏறிவிட்டால் அளப்பது சின்ன வேலை என்று தோன்றும். அளப்பவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். உச்சி எந்தப் புள்ளியில் இருக்கிறது என்பதை இன்றைய கருவிகளால் சில சென்டிமீட்டர் பிசகுக்குள் பிடித்துவிடலாம். அந்த உச்சிக்கு நேர் கீழே கடல் மட்டம் எங்கே இருக்கிறது என்பதுதான் தலைவலி. அங்கே கடல் கிடையாது. மிக அருகில் இருக்கும் கடலே ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தெற்கே, வங்காள விரிகுடாவில்.

இதில் எல்லை விவகாரமும் சேர்ந்துகொள்கிறது. நேபாளத்தில் சாகர்மாதா என்றும் திபெத்தில் சோமோலுங்மா என்றும் பெயர் பெற்ற இந்த மலையின் உச்சி வழியாகத்தான் நேபாள–சீன எல்லைக்கோடு போகிறது. 1961 எல்லை ஒப்பந்தம் அப்படித்தான் முடிவு செய்தது. மலைத்தொடரில் எல்லை வகுக்கும்போது முகட்டை ஒட்டியே கோடு போடுவது வழக்கம்: இந்தப் பக்கம் ஓடும் தண்ணீர் உனக்கு, அந்தப் பக்கம் ஓடுவது எனக்கு. எவரெஸ்டில் இந்தக் கணக்கு ஒரு வேடிக்கையில் முடிகிறது. தெற்கே கும்பு பனியாற்றில் உருகும் நீர் தூத்கோசி வழியாகக் கோசி ஆற்றில் சேர்கிறது. வடக்கே ரோங்புக் பனியாற்றில் உருகுவது திபெத்தில் சுற்றி, அருண் ஆறாக இமயத்தையே வெட்டிக்கொண்டு நேபாளத்துக்குள் நுழைந்து, அதுவும் அதே கோசியில்தான் கலக்கிறது. இரண்டு நாட்டுப் பனியும் கடைசியில் பீகாருக்குத்தான் வருகிறது. அதே பீகாரின் சமவெளியிலிருந்துதான் இந்த மலையை முதன்முதலில் அளந்தார்கள். அதற்கு முன், கடல் மட்டம் என்றால் என்னவென்று பார்த்துவிடுவோம்.

கடல் மட்டத்தை மலைக்குள் கொண்டுபோவது

ரயில் நிலையத்து மஞ்சள் பலகையில் ஊர்ப் பெயருக்குக் கீழே எம்.எஸ்.எல். என்று போட்டு ஒரு எண் எழுதியிருக்கும். சராசரிக் கடல் மட்டத்திலிருந்து அந்த இடத்தின் உயரம் அது. கடல் நிமிஷத்துக்கு நிமிஷம் ஏறி இறங்குகிறது. சராசரி எப்படி எடுப்பது? துறைமுகத்தில் ஓத அளவி ஒன்றை வைத்து, நீர் மட்டத்தை இடைவிடாமல் ஆண்டுக்கணக்கில் பதிவு செய்கிறார்கள். நிலவின் பாதைச் சாய்வு ஒரு சுற்று முடிய 18.6 ஆண்டு ஆகும் என்பதால், முறையாகச் செய்தால் ஏறக்குறைய 19 ஆண்டுப் பதிவு வேண்டும். அந்தச் சராசரியைக் கரையில் ஒரு கல்லில் குறித்துவைத்தால் அது மட்டக்குறி, பேச்சு வழக்கில் பெஞ்ச் மார்க். இந்தியாவின் மட்ட வலையமைப்பு 1909இல் முடிவானபோது ஒன்பது துறைமுகங்களின் சராசரி நீர் மட்டத்தைச் சுழியாக எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் சென்னையும் நாகப்பட்டினமும் உண்டு.

கரையில் இருக்கும் அந்தச் சுழியை உள்நாட்டுக்கு எடுத்துச் செல்லும் வேலைக்கு லெவலிங் என்று பெயர். மட்டக் கருவி ஒன்று, அளவு குறித்த இரண்டு ஸ்டாஃப் கோல்கள், பொறுமை. உயரம் தெரிந்த இடத்தில் ஒரு கோல், உயரம் தெரிய வேண்டிய இடத்தில் இன்னொன்று, நடுவில் கருவி. பின் கோலில் 1.824, முன் கோலில் 0.617 என்று வாசித்தால் முன்னிடம் பின்னிடத்தைவிட 1.207 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிறகு கருவியைத் தூக்கி முன்னே வைக்க வேண்டும், பின் கோல் முன்னே போகும், மறுபடியும் அதே வேலை. ஒரு வைப்பில் கோலுக்கும் கருவிக்கும் இடையே 30 முதல் 50 மீட்டர். மலைப்பாதையில் அதுவும் கிடையாது. கோலின் நீளமே 3 மீட்டர்தான் என்றால் ஒரு வைப்பில் 2 மீட்டர் ஏறினாலே அதிகம். 100 மீட்டர் ஏற 50 வைப்புகள்.

இதில் பிசகு நுழைய ஏகப்பட்ட சந்து உண்டு. கோல் லேசாகச் சாய்ந்தால் வாசிப்பு எப்போதும் கூடுதலாகவே வரும், குறைவாக வராது. ஆகவே அந்தப் பிழை ஒன்றையொன்று ஈடுகட்டாமல் வழியெல்லாம் சேர்ந்துகொண்டே போகும். கோலுக்கு அடியில் வைத்த தட்டு ஈர மண்ணில் ஒரு மில்லிமீட்டர் இறங்கினாலும் அப்படித்தான். இரண்டு கோல்களும் கருவியிலிருந்து சம தூரத்தில் இல்லாவிட்டால், கருவியின் பார்வைக்கோடு உண்மையான கிடைமட்டத்திலிருந்து விலகியிருக்கும் பிழை முழுசாக உள்ளே வந்துவிடும். சம தூரத்தில் வைத்தால் அது தானாகக் கழிந்துபோகும். இத்தனை சந்து இருப்பதால்தான் போன வழியிலேயே திரும்பவும் அளந்து வந்து ஒப்பிடுகிறார்கள். உயர்தர வேலையில் பொதுவாக அனுமதிக்கப்படும் வித்தியாசம், கிலோமீட்டர் தூரத்தின் வர்க்கமூலத்தை 4 மில்லிமீட்டரால் பெருக்கி வருவது. 100 கிலோமீட்டருக்கு 40 மில்லிமீட்டர். அதைத் தாண்டினால் அந்தப் பகுதியை மறுபடி நடக்க வேண்டியதுதான்.

சாலை உள்ள வரை இப்படிப் போகலாம். எவரெஸ்ட் முகட்டில் யாரும் லெவலிங் செய்ய முடியாது. அங்கே கடல் மட்டத்தைக் கற்பனையில்தான் கொண்டுபோக வேண்டும்.

கட்டட வேலை நடக்கும் இடத்தில் கொத்தனார் டியூப் லெவல் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். நீளமான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறுமுனையை அந்தச் சுவரிலும் பிடித்தால் இரண்டு முனையிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அதே குழாயின் ஒரு முனை வங்காள விரிகுடாவில் இருக்கட்டும், மறுமுனையை இமயத்தின் அடியில் குடைந்து எவரெஸ்ட் உச்சிக்கு நேர் கீழே கொண்டுபோங்கள். அலை, காற்று, நீரோட்டம் எதுவும் இல்லாமல் ஈர்ப்பு மட்டும் வேலை செய்தால் அந்த முனையில் நீர் எங்கே நிற்குமோ, அதுதான் அங்குள்ள கடல் மட்டம். உலகம் முழுக்க இப்படிப் பரவிய கற்பனை நீர்ப்பரப்புக்கு ஜியாய்டு என்று பெயர்.

ஜியாய்டு வழவழப்பான உருண்டை கிடையாது. பூமிக்குள் பாறையின் அடர்த்தி இடத்துக்கு இடம் மாறுவதால் ஈர்ப்பும் மாறுகிறது. நீர்ப்பரப்பு ஓரிடத்தில் மேடாகவும் ஓரிடத்தில் பள்ளமாகவும் இருக்கும். இதில் உலகத்திலேயே பெரிய பள்ளம் நம் வாசலில்தான் இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில் ஜியாய்டு, பூமியின் சீரான வடிவத்தைவிட 100 மீட்டருக்கும் மேல் தாழ்ந்து கிடக்கிறது. கப்பலில் போகிறவருக்குப் பள்ளத்தில் இறங்குவது தெரியாது, ஏனென்றால் அங்கே அதுதான் சமதளம்.

மெரினாவில் கழித்தல் எண்

சீரான வடிவம் என்று சொன்னது பூமியைத் துருவங்களில் லேசாகத் தட்டையாக்கிய நீள்வட்டக் கோளத்தை. நடுக்கோட்டில் ஆரம் 6378.137 கிலோமீட்டர், துருவத்தில் ஏறக்குறைய 21 கிலோமீட்டர் குறைவு. ஜி.பி.எஸ். உள்ளிட்ட எல்லாச் செயற்கைக்கோள் முறைகளுக்கும் தெரிந்தது இந்தக் கணித வடிவம் மட்டுமே. கடல் எங்கே என்று அவற்றுக்குத் தெரியாது.

இதைக் கையிலேயே சோதிக்கலாம். ஜி.பி.எஸ். விவரங்களை அப்படியே காட்டும் செயலியைப் போனில் போட்டுக்கொண்டு மெரினா மணலில் நின்று பாருங்கள். சிலவற்றில் உயரம் கழித்தல் 80 சொச்சம் மீட்டர் என்று வரும். போன் கெட்டுப்போகவில்லை. அது நீள்வட்டக் கோளத்திலிருந்து உள்ள உயரத்தைச் சொல்கிறது. சென்னையில் கடல் மட்டமே அந்தக் கோளத்துக்கு அவ்வளவு கீழே இருக்கிறது. ஜியாய்டு அட்டவணையை உள்ளே வைத்திருக்கும் செயலி அதைத் திருத்திச் சில மீட்டர் என்று காட்டும்.

சூத்திரம் ஒன்றே ஒன்று: கடல் மட்ட உயரம் = நீள்வட்டக் கோள உயரம் − அந்த இடத்து ஜியாய்டின் ஏற்றம் அல்லது இறக்கம். எவரெஸ்டில் ஜியாய்டு அந்தக் கோளத்துக்கு 25 முதல் 30 மீட்டர் கீழே இருக்கிறது. ஆகவே உச்சியில் வைத்த கருவி தருவது ஏறத்தாழ 8820 மீட்டர். ஜியாய்டு இறக்கத்தைச் சேர்த்த பிறகுதான் 8848 பக்கம் வருகிறது. 1999இல் 8850 வந்ததற்கும் 2020இல் 8848.86 வந்ததற்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு இந்த ஜியாய்டு கணக்கில்தான் இருக்கிறது. அந்தப் பகுதியில் ஈர்ப்பை அளந்த புள்ளிகள் அப்போது குறைவு. அதனால் 1999 குழுவே தன் எண்ணுக்கு 2 மீட்டர் வரை பிசகு சொல்லியிருந்தது.

177 கிலோமீட்டர் தூரத்திலிருந்து

செயற்கைக்கோள் இல்லாத காலத்துக்கு வருவோம். 1802 ஏப்ரலில் ஆங்கிலேய அளவையாளர் வில்லியம் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு அடிக்கோட்டை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளந்தார். ஒரு கோட்டின் நீளம் தெரிந்து, இரு முனையிலிருந்தும் மூன்றாவது புள்ளிக்குக் கோணம் அளந்தால் முக்கோணத்தின் மற்ற இரு பக்கங்களும் கணக்கில் வந்துவிடும். அந்தப் பக்கங்கள் அடுத்த முக்கோணத்துக்கு அடிக்கோடு. இப்படிக் கோத்துக்கொண்டே போனதுதான் மகா முக்கோணவியல் அளவை. கோணம் அளக்கும் தியோடலைட் அரை டன் எடை. 1808இல் தஞ்சைப் பெரிய கோவிலில் அதை மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் உட்கார்ந்து அதை நிமிர்த்தியெடுத்து மறுபடி பயன்படுத்தினார்.

முக்கோணங்கள் வடக்கே ஏறி இமய அடிவாரச் சமவெளியை எட்டியபின், 1849–50இல் பீகாரிலிருந்த ஆறு நிலையங்களிலிருந்து பதினைந்தாம் எண் சிகரம் என்று குறிக்கப்பட்ட ஒன்றைப் பார்த்துக் கோணம் எடுத்தார்கள். நேபாளம் உள்ளே விடவில்லை; 170 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்திலிருந்துதான் பார்க்க முடிந்தது.

கணக்கைக் கிட்டத்தில் பார்ப்போம். புரிவதற்காக எண்களை உருட்டியிருக்கிறேன். நிலையத்துக்கும் சிகரத்துக்கும் 177 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இந்தத் தூரம் இரண்டு நிலையங்களிலிருந்து எடுத்த கிடைக்கோணங்களால் கிடைத்துவிடும். தியோடலைட்டில் சிகரம் கிடைமட்டத்துக்கு மேல் 2 பாகை 8.7 நிமிடத்தில் தெரிகிறது. கை நீட்டி விரலை நிமிர்த்திப் பிடித்தால் அதன் அகலமே ஏறக்குறைய 2 பாகை. உலகின் மிக உயர்ந்த சிகரம் அங்கிருந்து பார்த்தால் அவ்வளவுதான். தூரத்தைக் கோணத்தின் டேன் மதிப்பால் பெருக்கினால் 6630 மீட்டர்.

2000 மீட்டருக்கு மேல் குறைகிறதே என்றால், பூமி உருண்டை. 177 கிலோமீட்டரில் தரை 2460 மீட்டர் கீழே வளைந்து போய்விடுகிறது. தூரத்தின் வர்க்கத்தைப் பூமியின் விட்டத்தால் வகுத்தால் இந்த எண் வரும். அதைக் கூட்ட வேண்டும். அடுத்தது ஒளிவிலகல். மேலே மெல்லிய குளிர்ந்த காற்றிலிருந்து கீழே அடர்ந்த காற்றுக்கு வரும் ஒளி நேராக வராமல் வளைந்து வருகிறது, அதனால் சிகரம் உண்மையைவிட உயரமாகத் தெரிகிறது. இதை வளைவின் 13 சதவீதம் என்று எடுத்தால் 320 மீட்டர். இதைக் கழிக்க வேண்டும். நிலையம் நிற்கும் இடத்தின் உயரம் 70 மீட்டரைக் கூட்டினால்: 6630 + 2460 − 320 + 70 = 8840.

கோணத்தில் ஒரு விகலை, அதாவது பாகையில் 3600இல் ஒரு பங்கு தவறினால் உயரத்தில் 86 சென்டிமீட்டர் தவறும். அது பரவாயில்லை. ஒளிவிலகல் 13 சதவீதத்துக்குப் பதில் 12 சதவீதமாக இருந்தால்? 25 மீட்டர் போச்சு. அந்தச் சதவீதம் காற்றின் வெப்பம், அழுத்தம், பார்க்கும் நேரம் எல்லாவற்றையும் பொறுத்தது. காலையிலும் இரவிலும் தாறுமாறாக மாறும்; பிற்பகலில்தான் குறைந்து ஓரளவு நிலைத்து நிற்கும் என்பதால் அப்போது பார்ப்பார்கள். வழக்கமான மருந்து, இரு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் எதிரெதிரே பார்ப்பது. அப்படிச் செய்தால் ஒளிவிலகல் பெரும்பாலும் கழிந்துவிடும். எவரெஸ்ட் உச்சியில் நின்று எதிர்ப்பார்வை பார்க்க அப்போது ஆள் ஏது? முதல் மனிதர்கள் அங்கே கால் வைத்தது 1953 மே 29 அன்று.

ஆறு நிலையங்களும் தந்த உயரங்கள் அடியில் இவை: 28,991.6, 29,005.3, 29,001.8, 28,998.6, 29,026.1, 28,990.4. அதிகத்துக்கும் குறைவுக்கும் 35 அடிக்கு மேல் வித்தியாசம். ராதாநாத் சிக்தர் தலைமையிலான கணக்காளர்கள் உழைத்து எடுத்த முடிவை 1856இல் சர்வேயர் ஜெனரல் ஆண்ட்ரூ வா 29,002 அடி என்று அறிவித்தார். சராசரி சரியாக 29,000 வந்ததாம், உருட்டிவிட்ட எண் என்று சந்தேகப்படுவார்களே என்று இரண்டடி கூட்டிவிட்டார்களாம் என்று ஒரு கதை சுற்றுகிறது. நல்ல கதை. ஆனால் மேலே உள்ள ஆறையும் கூட்டி ஆறால் வகுத்துப் பாருங்கள், 29,002.3 வரும்.

இந்த எண்களில் இன்னொரு பிசகும் ஒளிந்திருக்கிறது, கருவியின் ரசமட்டத்தில். கருவியைச் சமமாக வைக்க உதவும் குமிழியும் கொத்தனாரின் தூக்குக்குண்டும் அந்த இடத்து ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டவை. பக்கத்தில் இமயம் போல ஒரு பெரும் பொருள் இருந்தால் குண்டு அதன் பக்கம் லேசாக இழுபடும், கிடைமட்டமே சாயும். இந்த இழுப்பு எவ்வளவு இருக்க வேண்டும் என்று 1855இல் கணக்குப் போட்ட ஜான் பிராட்டுக்கு 15.885 விகலை வந்தது. களத்தில் தெரிந்ததோ 5.236 விகலைதான். மலைக்குக் கீழே அடர்த்தி குறைந்த பாறை ஆழமாகப் புதைந்திருந்தால்தான் இது பொருந்தும். மலைகள் மரக்கட்டை நீரில் மிதப்பது போல மிதக்கின்றன என்ற கருத்து இந்தப் பிசகிலிருந்துதான் பிறந்தது.

1954இல் இந்திய நில அளவைத் துறை மறுபடி அளந்தபோது நிலையங்கள் சிகரத்துக்கு வெகு அருகில் இருந்தன. அருகில் போவதால் என்ன லாபம்? 60 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டால் வளைவு 283 மீட்டர்தான். ஒளிவிலகலில் அதே ஒரு சதவீதத் தவறு 3 மீட்டருக்குள் அடங்கிவிடும். தூரம் மூன்றில் ஒன்றானால் பிழை ஒன்பதில் ஒன்றாகிறது. அந்த அளவையில் வந்த 8848 மீட்டர் அடுத்த அறுபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் தாக்குப்பிடித்ததில் ஆச்சரியமில்லை.

உச்சியில் கருவி வைத்தால்

2019 மே 22 அன்று அதிகாலை 3 மணியளவில், கிம் லால் கௌதம் தலைமையிலான நேபாள நில அளவைக் குழு உச்சியை அடைந்தது. அந்த நேரத்தில் போனால் கூட்டம் இருக்காது, கருவியை யாரும் தட்டிவிட மாட்டார்கள். 2020 மே 27 அன்று சீனக் குழு வடக்குப் பக்கமாக ஏறி, 150 நிமிடம் மேலே இருந்தது.

செயற்கைக்கோள் வாங்கியை உச்சியில் வைத்து ஒரு நிமிடத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டு இறங்கினால் பல மீட்டர் பிசகும். உச்சியில் இருக்கும் வாங்கியும், அடிவாரத்தில் நிலை ஏற்கெனவே துல்லியமாகத் தெரிந்த இடங்களில் உள்ள வாங்கிகளும் ஒரே நேரத்தில் அதே செயற்கைக்கோள்களைப் பதிவு செய்ய வேண்டும். பொதுவான பிழைகள் கழிந்துபோக, இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் சுத்தமாகக் கிடைக்கும். இதற்கு ஒரு மணி நேரமாவது பதிவு வேண்டும்.

அப்படியும் எவரெஸ்டில் ஒரு சங்கடம் மிச்சம். காற்றில் உள்ள ஈரம் சிக்னலைத் தாமதப்படுத்துகிறது. இரு வாங்கிகளும் ஒரே உயரத்தில் இருந்தால் தாமதம் ஏறக்குறைய சமம், கழிந்துவிடும். இங்கே ஒன்று வளிமண்டலத்தின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலே, மற்றது பல ஆயிரம் மீட்டர் கீழே. தாமதம் சமமாக இருக்காது, கழியாத மிச்சம் நேராக உயரத்தில் போய் உட்காரும். எங்கேயுமே செயற்கைக்கோள் முறையில் கிடைநிலையைவிட உயரம் மோசமாகத்தான் வரும். செயற்கைக்கோள்கள் எல்லாம் தலைக்கு மேலே மட்டும் இருக்கின்றன, காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை.

சின்னச் சின்னத் தப்புகள் வேறு. கருவியைத் தாங்கும் கம்பம் பனியில் எவ்வளவு இறங்கியிருக்கிறது, பனிப்பரப்பிலிருந்து கருவியின் அளவுப்புள்ளி வரை எத்தனை சென்டிமீட்டர் என்று டேப்பில் அளந்து எழுதாவிட்டால் மற்ற எல்லாத் துல்லியமும் வீண். தடித்த கையுறையைக் கழற்றாமல் இதைச் செய்ய வேண்டும், கழற்றினால் விரல் போய்விடும். கழித்தல் 30 பாகைக் குளிரில் பேட்டரி தன் கொள்ளளவில் பெரும்பகுதியை இழந்துவிடும் என்பதால் உடம்போடு ஒட்டி, சட்டைக்குள் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும்.

கையில் கட்டும் உயரமானிக் கடிகாரத்தை இந்த வேலையில் சேர்க்கவே கூடாது. அது காற்றழுத்தத்தை உயரமாக மாற்றிச் சொல்வது. கடற்கரையில் அழுத்தத்தில் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) தவறினால் உயரத்தில் 8 மீட்டர் தவறும். உச்சியில் அதே தவறு 20 மீட்டருக்கும் மேல்.

2020இல் சீனக் குழு உச்சியில் ஈர்ப்புமானியையும் வைத்து ஈர்ப்பை அளந்தது. இது வெறும் சாதனைக்காகச் செய்தது இல்லை. குழாயின் மறுமுனையில் நீர் எங்கே நிற்கும் என்று சொல்ல ஈர்ப்பு தெரிய வேண்டும் அல்லவா? உச்சியிலேயே ஒரு நேரடி எண் கிடைத்தால், அடிவாரத்து எண்களை வைத்து ஊகிக்க வேண்டியது குறைகிறது.

பாறையா, பனியா

பனிக்கு அடியில் பாறை எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று பார்க்க ரேடார் துடிப்பைக் கீழே அனுப்புகிறார்கள். பாறையில் பட்டுத் திரும்ப ஆகும் நேரமே ஆழம். போய்வர 30 நானோவினாடி என்று வைத்துக்கொள்வோம். இறுகிய பனிக்கட்டியில் துடிப்பு நானோவினாடிக்கு 0.168 மீட்டர் போகும், ஆழம் 2.52 மீட்டர். இறுகாத உலர்பனியில் 0.23 மீட்டர் போகும் என்றால் ஆழம் 3.45 மீட்டர். ஒரே எதிரொலி, கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வித்தியாசம். உச்சியில் மேலே தூள்பனி, கீழே கட்டிப்பனி என்று அடுக்கடுக்காக இருப்பதால் எந்த வேகத்தை எடுப்பது என்பதே தனிக் கணக்கு. பனியும் நிலையானதல்ல, பருவமழையில் சேரும், குளிர்காலக் காற்று சுரண்டிக்கொண்டு போகும்.

2005இல் சீனா சொன்ன 8844.43 மீட்டர் பாறையின் உயரம். நேபாளம் பிடித்துக்கொண்டிருந்த 8848 பனியோடு சேர்ந்த உயரம். இதை வைத்து இரு நாடுகளுக்கும் பல ஆண்டு உரசல். அதே 2005 அளவையில் சீனா கண்ட பனியின் தடிமன் 3.5 மீட்டர். கூட்டிப் பாருங்கள்: 8847.93. இரண்டு நாடும் ஒரே மலையை ஒரே உயரமாகத்தான் அளந்திருந்தன, எதை உச்சி என்பது என்பதில்தான் சண்டை. 2010இல், உன்னுடையது பாறை, என்னுடையது பனி என்று இரண்டு எண்களையும் ஒப்புக்கொண்டார்கள். ஏறுகிறவர் கால் வைப்பது பனியில் என்பதால் நேபாளம் சொன்னதில் நியாயம் இருந்தது. மற்ற சிகரங்களையும் அப்படித்தான் அளக்கிறார்கள். 2020இல் அறிவித்த 8848.86 பனிப்பரப்பின் உயரம்.

கடல் விஷயத்திலும் இரண்டு நாட்டுக்கும் வழி வேறு. நேபாளத்தின் மட்டக்குறிகள் இந்திய வலையமைப்பு வழியாக வங்காள விரிகுடாவோடு இணைந்தவை. சீனாவின் சுழி மஞ்சள் கடலில், சிங்தாவ் துறைமுகத்தில். அங்கே மலையில் பதித்த மூலக்குறி கடல் மட்டத்துக்கு 72.26 மீட்டர் மேலே இருக்கிறது. உலகக் கடல்கள் எல்லாம் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை. வெப்பம், உப்பு, நீரோட்டம் காரணமாக ஒரு கரைக்கும் இன்னொரு கரைக்கும் பத்துக்கணக்கான சென்டிமீட்டர் ஏற்றத்தாழ்வு உண்டு. எல்லைக்கு இருபுறமும் நின்று ஒரே பாறையை அளந்தாலும் கடைசி இலக்கங்கள் பொருந்தாது. கூட்டு அறிவிப்புக்காக இரண்டு நாட்டுக் கடலையும் ஒதுக்கிவிட்டு, உலகம் முழுவதற்குமான பொது உயர முறையை எடுத்துக்கொண்டார்கள். ஆக, தலைப்பில் கேட்ட கேள்விக்குப் பதில்: 8848.86 எந்தத் துறைமுகத்துக் கடலிலிருந்தும் அளந்தது இல்லை.

மலை வளருகிறதா என்று எல்லோரும் கேட்பார்கள். வளருகிறது, ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர். இந்தியத் தட்டு வடக்கே நகர்ந்து முட்டிக்கொண்டிருக்கும் வரை இது தொடரும். 2015 ஏப்ரல் 25 நேபாள நிலநடுக்கத்தில் எவரெஸ்ட் தென்மேற்கே ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் நகர்ந்தது. காத்மாண்டு பகுதியில் தரை ஏறக்குறைய ஒரு மீட்டர் எழும்பியது. நிலநடுக்கத்தில் எவரெஸ்ட் குட்டையாகிவிட்டதா என்ற சந்தேகத்தில்தான் நேபாளம் சொந்தமாக அளக்கக் கிளம்பியது. ஆனால் 8848க்கும் 8848.86க்கும் உள்ள 86 சென்டிமீட்டரை வளர்ச்சி என்று எழுதுவது தப்பு. அந்த வித்தியாசத்தில் கருவியும் ஜியாய்டும் பனியும் எல்லாம் கலந்திருக்கின்றன. 1954 கணக்கே ஒரு மீட்டர் துல்லியத்துக்கு மேல் எதையும் உரிமை கோரக்கூடியது அல்ல.

கடல் மட்டத்தை விட்டுவிட்டால் எவரெஸ்டின் முதலிடமும் போய்விடும். பூமியின் மையத்திலிருந்து அளந்தால் ஈக்வடாரின் சிம்போராசோ எவரெஸ்டைவிட ஏறக்குறைய 2 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது. அது கடல் மட்டத்திலிருந்து 6263 மீட்டர்தான். நடுக்கோட்டருகே பூமியே புடைத்திருப்பதால் அந்த லாபம். கடலடியிலிருந்து அளந்தால் ஹவாயின் மௌனா கியா 10,000 மீட்டரைத் தாண்டும்.

அடியில் வேண்டுமென்றால் 8848.86ஐ 0.3048ஆல் வகுத்துக்கொள்ளுங்கள், 29,031.7 வரும். சுருக்கி 29,032 என்று எழுதுகிறார்கள். 29,028 என்று பார்த்தால் அது 1954, 29,035 என்று பார்த்தால் 1999, 29,002 என்றால் பீகாரிலிருந்து பார்த்தது.